அறியப்படாத ஆட்டக்காரரும் அவர்களைப் பற்றிய நூல்களும் – அமெரிக்க பேஸ்போல் வரலாற்றெழுத்து பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டு வரலாறு என்ற பெயரில் வெளிவரும் நூல்களுட் பெரும்பாலானவை வெற்றியாளரின் வரலாறுகளே. ஐக்கிய அமெரிக்காவில் தேசிய விளையாட்டெனப் போற்றப்படும் பேஸ்போல் இதற்கு விதிவிலக்கன்று. பேப் றூத், ரை கொப் ஆகிய இருவரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை மட்டும் அடுக்கினாலே சிறியதொரு நூலகம் நிரம்பிவிடும். ஆயின், கடந்த அறுபது ஆண்டுகளில் இன்னொரு வகை நூலும் வளர்ந்து வந்துள்ளது. அவ்வாட்டத்தின் தொடக்க காலத்தில், அதாவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களிலும் ஆடிப் பின்னர் பெயர் மங்கிப்போனவர்களைப் பற்றிய நூல்கள் அவை. இவற்றைப் படிப்போர் பெரும்பாலும் அவை தரும் புதிய தகவல்களுக்காகவே பாராட்டுகின்றனர். தகவல் வேண்டற்பாலதே. எனினும், அறியப்படாத ஒருவரைப் பற்றி எழுதப் புகும் நூலாசிரியர் விடைகாண வேண்டிய முதல் வினா, அவர் ஏன் அறியப்படாதவரானார் என்பதாகும். இவ்வினாவை எழுப்பாது, மறக்கப்பட்டவரைத் தேடிப்பிடித்து மாலையிடுவதோடு அமைந்துவிடும் நூல், எத்துணை உழைப்பின் விளைவாயினும், குறைபட்ட நூலே.

இவ்வினாவின் முக்கியத்துவத்தை உணர்வதற்கு அவ்விளையாட்டின் பதிவேடு பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் பெயருக்கெதிரேயும் அவர் எடுத்த ஓட்டங்களையும் செய்த தவறுகளையும் நிரலே தரும் அட்டவணையை பேஸ்போலுக்கு வகுத்தளித்தவர் ஹென்றி சட்விக். 1824இல் இங்கிலாந்தில் பிறந்து இளமையிலேயே அமெரிக்கா சென்ற இவர், துடுப்பாட்டச் செய்திகளை எழுதிப் பழகிய பத்திரிகையாளர். துடுப்பாட்டத்தின் ஓட்ட அட்டவணையையே புதிய ஆட்டத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தார். நாளடைவில் இவ்வட்டவணைகளே அவ்விளையாட்டின் வரலாற்று ஆவணங்களாயின. அட்டவணையில் இடம்பெற்றவர் வரலாற்றில் இடம்பெற்றார். ஆனால் எவ்வெவ் ஆட்டங்களின் அட்டவணைகள் கணக்கிற் கொள்ளத்தக்கவை என்பதைத் தீர்மானித்தவர் யாவர்? 1969இல் மக்மில்லன் நிறுவனம் கணினியின் துணைகொண்டு வெளியிட்ட பெரும் கலைக்களஞ்சியத்தின் பொருட்டு, ஐவர் கொண்ட குழுவொன்று கூடி, இன்னின்ன லீக்குகளே உயர்தரத்தன என வரையறுத்தது. ஆறு லீக்குகள் அத்தகுதியைப் பெற்றன. 1884ஆம் ஆண்டு மட்டுமே நடைபெற்றுக் குலைந்த ஒரு லீக்கும், 1890ஆம் ஆண்டு மட்டும் நீடித்த பிறிதொன்றும் அவ்வாறினுள் அடங்கும். பல்லாண்டு நிலைத்திருந்த கறுப்பினத்தவரின் லீக்குகள் அக்குழுவின் பரிசீலனைக்கே எடுக்கப்படவில்லை. மறதி என்று பொதுவாகச் சொல்லப்படுவதன் பின்னால் இத்தகைய தீர்மானங்கள் இருப்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இவ்வகை நூல்களுள் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டது, 1966இல் லோறன்ஸ் றிற்றர் வெளியிட்ட ‘அவர்தம் காலத்தின் பெருமை’ என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட நூலாகும். நியூயோர்க் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த றிற்றர், 1961இல் ரை கொப் மறைந்ததையும் அதனையடுத்துத் தம் தந்தை மறைந்ததையும் தொடர்ந்து, எஞ்சியிருந்த முதிய ஆட்டக்காரர்களைத் தேடிப் புறப்பட்டார். ஒலிப்பதிவுக் கருவியுடன் பல்லாயிரம் மைல்கள் பயணஞ் செய்து அவர் திரட்டிய வாய்மொழிகளுள் இருபத்திரண்டு பேருடையவை முதற்பதிப்பில் இடம்பெற்றன; 1984ஆம் ஆண்டுப் பதிப்பில் மேலும் நால்வர் சேர்க்கப்பட்டனர். சாம் குறோஃபோட் என்பவரைத் தேடி கலிபோர்னியாவில் ஒரு சிற்றூரில் அலைந்த றிற்றர், சலவை இயந்திரங்கள் வைக்கப்பட்டிருந்த கடையொன்றிற் சோர்ந்து அமர்ந்து, பக்கத்திலிருந்த முதியவரிடம் விசாரிக்க, அம்முதியவரே குறோஃபோட்டாக இருந்தார் என்ற செய்தி இன்று அந்நூலைவிடப் பிரசித்தமானது.

நூலின் சிறப்பு, பேசுவோரின் குரல் கெடாது நிற்பதில் உள்ளது. குறிப்பாக இருவரின் பகுதிகள் எடுத்துக் கூறத்தக்கன. ஃபிறெட் ஸ்னொட்கிராஸ் 1912ஆம் ஆண்டின் இறுதித் தொடரில் எளிதான ஒரு பந்தைக் கைநழுவ விட்டவர். பின்னாளில் அவர் வங்கித் துறையில் ஈடுபட்டார். ஒக்ஸ்னாட் நகரத்தின் மேயராகவும் விளங்கினார். எனினும் 1974இல் அவர் இறந்தபோது செய்தித்தாள் தலைப்பு நினைவுகூர்ந்தது, அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நழுவிய அந்தப் பந்தையே. பில் வொம்ஸ்கான்ஸ் இதற்கு நேர்மாறான நிலையில் உள்ளவர். 1920ஆம் ஆண்டின் இறுதித் தொடரில் ஒரே வீச்சில் மூவரைத் தனியொருவராக ஆட்டமிழக்கச் செய்தவர். பதின்மூன்று பருவங்கள் ஆடிய அவருடைய உழைப்பு முழுவதும் அந்த ஒரு கணத்துள் ஒடுங்கிவிட்டது. ஒருவரைத் தவறு விழுங்கியது. மற்றவரைச் சாதனை விழுங்கியது. ஆட்டக்காரரின் வாழ்வு முழுமையையும் ஒரு நிகழ்ச்சியாகக் குறுக்கும் பத்திரிகை மரபை இவ்விரு பகுதிகளும், எவ்வித வாதமும் இன்றி, வெளிப்படுத்திவிடுகின்றன.

எனினும் அந்நூலைப் பற்றிய மதிப்பீடு இத்துடன் முடிவதன்று. றிற்றர் தமது வினாக்களை முற்றாக நீக்கி, விடைகளைக் கோத்துத் தொடர்ச்சியான தன்னுரையாக அமைத்துள்ளார். வாசிப்புக்கு இது இனிமை தருகிறது. ஆனால் எங்கே நினைவு முடிகிறது, எங்கே கதை தொடங்குகிறது என்பதை வாசகர் அறிய வழியில்லை. நூலின் முதற் குரலான றூப் மார்க்குவாட் தமது வயதையும், வீட்டைவிட்டு ஓடிச் சரக்குப் புகைவண்டிகளில் ஒளிந்து சென்ற இளமைக் கதையையும் பற்றிக் கூறியவற்றுட் பல உண்மைக்குப் புறம்பானவை எனப் பிற்கால ஆய்வு காட்டியது. ஆயினும் 1971இல் அவர் கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டமைக்கு இந்நூல் பெரிதும் துணை செய்தது என்பதை மறுப்பார் இலர். இதனினும் முக்கியமான குறை வேறு. இருபத்திரண்டு பேருள் கஹுயில்லாப் பழங்குடியைச் சேர்ந்த ஜோன் மேயர்ஸ் ஒருவர் இருக்கிறார். கறுப்பினத்தவர் ஒருவரேனும் இல்லை. உயர்தர லீக்குகளில் ஆடியவர்களையே தேடுவது றிற்றரின் திட்டம். அத்திட்டத்தில் அவர்கள் இல்லாதது இயல்பே எனக் கூறலாம். ஆனால் பதிவேட்டின் வரம்பைத் தமது நினைவின் வரம்பாகவும் ஏற்றுக்கொண்ட நூலுக்கு ‘அவர்தம் காலம்’ எனப் பெயரிடும்போது, ‘அவர்’ என்ற சொல் யாரைச் சுட்டுகிறது என்ற வினா எழாமற் போகாது.

அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி 1907ஆம் ஆண்டிலேயே அச்சாகியிருந்தது. ஒஹாயோவிற் பிறந்து கறுப்பினக் குழுக்கள் பலவற்றில் ஆடிய சோல் வைற், அவ்வாண்டிலே பிலடெல்பியாவில் கறுப்பினத்தவரின் பேஸ்போல் வரலாற்றைச் சிறு நூலாக வெளியிட்டார். ஆட்ட அரங்கிலே விற்பனை செய்யத்தக்க கைந்நூல் போன்றது அது. விளம்பரங்களும் புகைப்படங்களும் நிறைந்தது. முறையான வரலாற்று நூலின் தோற்றம் அதற்கில்லை. ஆயினும் அதன் ஒரு பகுதி, பிற்காலத்து வரலாற்றாசிரியர் பலர் எழுதத் தவறியதை எழுதியுள்ளது. உயர்தர லீக்கின் ஆட்டக்காரர் ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2,000 டொலரும், கீழ்நிலை லீக்கினர் 571 டொலரும், கறுப்பின ஆட்டக்காரர் 466 டொலரும் பெற்றனர் என வைற் கணக்கிட்டுக் காட்டுகிறார். தங்குவதற்கு விடுதி கிடையாமையையும் அவர் கூறத் தவறவில்லை. வீரர் புகழ் பாடுதலே விளையாட்டு எழுத்து எனக் கருதப்பட்ட காலத்தில், ஊதியத்தையும் உறைவிடத்தையும் ஆட்டத்தின் வரலாற்றுக்குள் கொணர்ந்த முதல்வர்களுள் வைற் ஒருவராக மதிக்கப்படல் வேண்டும்.

அவர் நூல் முழுவதும் ஏற்கத்தக்கது என்பது இதன் பொருளன்று. 1885இல் லோங் ஐலண்டில் தோன்றிய கியூபன் ஜயன்ற்ஸ் என்ற புகழ்பெற்ற கறுப்பினக் குழு, ஹொட்டேல் ஒன்றின் பரிசாரகர்கள் பொழுதுபோக்காக ஆடத் தொடங்கியதால் உருவானது என அவர் எழுதினார். ஏலவே ஊதியம் பெற்று ஆடிய குழுக்களிலிருந்து திரட்டப்பட்டவர்களே அவர்கள் எனப் பிற்காலத்தார் காட்டியுள்ளனர். இதனினும் கவனத்துக்குரியது, கறுப்பினத்தவர் வெளியேற்றப்பட்டமைக்கு வைற் கூறும் காரணம். சிக்காகோக் குழுவின் தலைவர் கப் அன்சன் என்ற தனிமனிதர்மீதே அவர் பெரும்பழியைச் சுமத்துகிறார். அன்சனின் வெறுப்பு ஐயத்துக்கிடமற்றது. 1887 ஜூலை 14ஆம் திகதி நியூவார்க் குழு அவருடைய குழுவை எதிர்கொண்டபோது, கறுப்பினப் பந்தெறிவாளரான ஜோர்ஜ் ஸ்ரோவி ஆடவில்லை. ஆனால் அதே நாளில் பஃபலோ நகரிற் கூடிய இன்ரர்நாஷனல் லீக்கின் நிருவாகிகள், கறுப்பினத்தவருடன் இனிப் புதிய ஒப்பந்தங்கள் செய்வதில்லை என 6க்கு 4 என்ற வாக்கு வித்தியாசத்தில் தீர்மானித்தனர். அத்தீர்மானத்துக்கு வாக்களித்த அறுவரும் அன்சனின் ஏவலாளர் அல்லர். 1875ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை 1883இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியிருந்தது. 1896இல் அதே நீதிமன்றம் இனவாரிப் பிரிவினையைச் சட்டபூர்வமாக்கியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே விளையாட்டரங்கின் வாயிலும் அடைக்கப்பட்டது. தாம் நேரிற் கண்ட மனிதரைக் குற்றஞ்சாட்டுதல் வைற்றுக்கு இயல்பு. நூறாண்டு கழித்து எழுதுவோரும் அதனையே திருப்பிக் கூறுவது வரலாற்றுணர்வின்மையாகும். வைற்றின் நூலை 1995இல் வேறு ஆவணங்களுடன் சேர்த்துப் பதிப்பித்த ஜெறி மலோய் இவ்வகையில் நன்றிக்குரியவர். 1887ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை ஒரு மனிதரின் தீமையாகவன்றி, அவ்வாண்டின் லீக் முழுவதிலும் நிகழ்ந்த படிப்படியான ஒதுக்கலாக அவர் 1983இலேயே ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார்.

வைற்றுக்கும் மலோய்க்கும் இடையே வருபவர் றொபேட் பீற்றர்சன். 1970இல் வெளிவந்த ‘பந்து மட்டுமே வெள்ளை’ என்ற பொருளுடைய அவரது நூல், கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய இதழ்களைத் துருவி எழுதப்பட்டது. தலைப்பிலுள்ள கசப்பு நூலினுள் அடங்கியே ஒலிக்கிறது. இத்துறையில் பின்வந்தோர் அனைவரும் அதன் தோளின்மேல் நிற்பவர்களே. அதன் பெரும்பகுதி 1920க்குப் பிற்பட்ட காலத்துக்கு உரியதாதலால் ஈண்டு விரிக்கவேண்டியதில்லை.

தொடக்ககால ஆட்டக்காரர் ஒருவரைத் தனிப்பொருளாகக் கொண்ட நூல்களுள் ஆழமானது, டேவிட் சாங் 1995இல் வெளியிட்ட, ஃபிளீற் வோக்கரின் பிளவுண்ட நெஞ்சத்தைப் பற்றிய நூலாகும். மோசஸ் ஃபிளீற்வூட் வோக்கர் 1856இல் ஒஹாயோவிற் பிறந்தவர். ஒபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். துடுப்பாட்டத்து விக்கெற் காப்பாளரை ஒத்த நிலையில் நின்று, வெறுங்கையால் பந்தைப் பிடித்தவர். 1884இல் டொலிடோக் குழுவுக்காக 42 ஆட்டங்களில் ஆடினார். அக்குழு அங்கம் வகித்த அமெரிக்கன் அசோசியேசன் பின்னர் உயர்தர லீக்காக ஏற்கப்பட்டதால், அந்த 42 ஆட்டங்களும் பதிவேட்டில் நிலைபெற்றன. அவருடைய குழுவின் பந்தெறிவாளர் ரோனி முலேன், கறுப்பினத்தவர் ஒருவரின் சைகைக்குப் பணிய விரும்பாது, தாம் நினைத்தவாறே பந்தை எறிந்ததைப் பல்லாண்டுகளின் பின் தாமாகவே ஒப்புக்கொண்டார்; தாம் கண்டவருள் மிகச் சிறந்த பிடிப்பாளர் வோக்கரே என்றும் சேர்த்துக் கூறினார். எந்தப் பந்து எவ்வாறு வரும் என்றறியாது வெறுங்கையால் அதனைப் பிடிப்பது எத்தகைய இடர் என்பதை விளக்க வேண்டியதில்லை. றிச்மண்ட் நகரில் வோக்கர் ஆடினால் 75 பேர் திரண்டு அவரைத் தாக்குவர் என்றொரு கடிதமும் குழுவின் முகாமையாளருக்கு வந்தது. காயமுற்றிருந்த வோக்கர் அதற்கு முன்பே குழுவிலிருந்து நீங்கியிருந்தார்.

இவ்வளவில் நின்றிருந்தால் இந்நூலும் தியாகியைப் போற்றும் வரலாறாகவே முடிந்திருக்கும். சாங் அவ்வாறு நிறுத்தவில்லை. 1891இல் சிரக்கியூஸ் நகரில் நிகழ்ந்த கைகலப்பொன்றில் வெள்ளையர் ஒருவரைக் கத்தியாற் குத்திக் கொன்றதாக வோக்கர்மீது வழக்குத் தொடரப்பட்டது. வெள்ளையரே அடங்கிய யூரிகள் அவரை விடுதலை செய்தனர். 1898இல் அஞ்சலிற் பணம் திருடியதாகக் குற்றவாளியாகக் காணப்பட்டு ஓராண்டு சிறையிருந்தார். பின்னர் காடிஸ் என்ற சிற்றூரில் நாடக அரங்கொன்றை நடத்தினார். 1908இல், அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு வாழ்வில்லை, ஆபிரிக்காவுக்குத் திரும்புதலே வழி என வாதிடும் சிறு நூலொன்றை எழுதினார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாகக் கற்ற ஒபர்லினிலே கல்வி பெற்று, வெள்ளையர் குழுவில் ஆடிய ஒருவர் இறுதியில் வந்தடைந்த முடிவு இது. 42 ஆட்டங்களின் அட்டவணை இவற்றுள் எதனையும் கூறாது. வோக்கரை விரும்பத்தக்கவராக ஆக்க முயலாது, விளங்கிக்கொள்ள முயல்வதே சாங்கின் நேர்மை. குறை யாதெனில், தலைப்பிலுள்ள ‘பிளவு’ என்ற ஒரே திறவுகோலால் வாழ்வின் எல்லாக் கதவுகளையும் அவர் திறக்க முற்படுவதாகும். மதுவும் சினமும் வறுமையும் இனக்கலப்பும் ஒரே உளவியற் சூத்திரத்துள் அடங்கும்போது, வெளியுலகின் நெருக்குதல் மனத்தின் நோயாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. துடுப்பாட்டத்தைக் கொண்டு மேற்கிந்தியச் சமூகத்தையே ஆராய்ந்த சீ. எல். ஆர். ஜேம்ஸின் 1963ஆம் ஆண்டு நூலோடு ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

வோக்கரைப் பற்றிய எழுத்துக்களிற் காணப்படும் இன்னொரு போக்கையும் சுட்டுதல் தகும். உயர்தர லீக்கில் ஆடிய ‘முதலாவது’ கறுப்பினத்தவர் என்றே அவர் நெடுங்காலம் அறிமுகப்படுத்தப்பட்டார். 1879இல் பிறொவிடன்ஸ் குழுவுக்காக ஒரேயோர் ஆட்டத்தில் ஆடிய வில்லியம் எட்வேட் வைற் என்ற மாணவர், ஜோர்ஜியாவின் வெள்ளை நிலவுடைமையாளருக்கும் அவரது அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர் என 2003இல் ஆய்வாளர் கண்டறிந்தபோது, ‘முதல்வர்’ யார் என்ற விவாதம் சூடுபிடித்தது. அவர் தம்மை வெள்ளையராகவே காட்டி வாழ்ந்தவர். முதல்வர் யார் என்ற வினா பரிசளிப்போருக்கு உரியது. ஒருவர் ஆடுவதற்குத் தம் தாயை மறைக்க வேண்டியிருந்தது, மற்றவர் மறைக்க முடியாததால் வெளியேற நேர்ந்தது என்பதே வரலாற்று மாணவர் நோக்கவேண்டியது.

லூயிஸ் சொக்கலெக்சிஸ் பற்றி ஓராண்டு இடைவெளியுள் மூன்று நூல்கள் வெளிவந்தன: 2002இல் டேவிட் ஃபிளைற்ஸ் எழுதியதும், 2003இல் பிறையன் மக்டொனால்ட், எட் றைஸ் ஆகியோர் தனித்தனியே எழுதியவையும். மெயின் மாநிலத்துப் பெனொப்ஸ்கொற் பழங்குடியைச் சேர்ந்த இவர், 1897 முதல் 1899 வரை கிளீவ்லாந்துக் குழுவுக்காக 94 ஆட்டங்களே ஆடினார். முதற் பருவத்தில் அவர் துடுப்பெடுத்து வந்தபோதெல்லாம் பார்வையாளர் போர்க்கூச்சலை நையாண்டி செய்து ஊளையிட்டனர். அப்பருவத்தின் நடுவிலே காலிற் காயமுற்றுக் குடிக்கு அடிமையாகி, 1913இல் இறந்தார். அவருடைய குடியை அக்காலப் பத்திரிகைகள் அவரது இனத்தின் குணமாகவே எழுதின. அதே ஆண்டுகளில் குடியால் அழிந்த வெள்ளை ஆட்டக்காரர்களின் குடி அவரவர் குணமாகவே எழுதப்பட்டது. மக்டொனால்டின் நூல் தலைப்பிலேயே ‘துன்பியல்’ என்ற சொல்லைத் தாங்கி வருகிறது. துன்பியல் என்ற சொல்லைப் பயன்படுத்தும் எழுத்தாளர், வீழ்ச்சியை நாயகனின் குறைபாட்டில் வேரூன்றச் செய்ய நேர்வது தவிர்க்கமுடியாதது. ஊளையிட்டவர்கள் அரங்கின் பின்திரையாகிவிடுகின்றனர். ஃபிளைற்ஸின் நூல் இதனிலும் நிதானமானது.

இம்மூன்று நூல்களுக்கும் பின்னணியில் ஒரு பெயர்த் தகராறு உண்டு. 1915இல் கிளீவ்லாந்துக் குழு ‘இந்தியன்ஸ்’ எனப் பெயர் பூண்டது. சொக்கலெக்சிஸைக் கௌரவிக்கவே அப்பெயர் இடப்பட்டது எனக் குழுவினர் பின்னாளில் நெடுங்காலம் கூறி வந்தனர். ஆய்வாளர் பலர் இக்கூற்றை மறுத்தனர். 2021ஆம் ஆண்டுப் பருவத்தோடு அப்பெயர் கைவிடப்பட்டது. உயிரோடிருந்தபோது நையாண்டிக்கு உள்ளான ஒருவர், இறந்தபின் அந்நையாண்டியின் சின்னத்துக்கு நியாயமாகவும் பயன்பட்டார். அறியப்படாதவர் சில வேளைகளில் இவ்வாறும் அறியப்படுவர்.

அண்மைக்காலத்திற் பதிவேடே மாற்றத்துக்கு உள்ளாகியுள்ளது. 1920 முதல் 1948 வரையிலான கறுப்பின லீக்குகள் ஏழும் உயர்தரத்தன என 2020 டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் அவற்றின் கணக்குகள் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டபோது, அடிச்சராசரியில் கொப்பைப் பின்தள்ளி ஜொஷ் கிப்சன் முதலிடம் பெற்றார். இதனை வரவேற்போர், 1920 என்ற எல்லைக்கோட்டையும் நோக்குதல் வேண்டும். லீக் என்ற அமைப்பை நிறுவிக்கொள்ள வசதியற்றிருந்த தலைமுறை அக்கோட்டுக்கு வெளியே நிற்கிறது. கூப்பர்ஸ்டவுனிலேயே வளர்ந்து, 1878 முதல் ஊர் ஊராக அலைந்து ஊதியத்துக்கு ஆடிய பட் ஃபௌலர் அத்தலைமுறையினர். அவரைப் பற்றி 2013இல் ஜெஃப்றி லேங் எழுதிய நூல், ஒரு நகரில் ஆடத் தொடங்கி, குழுவினர் முணுமுணுக்க, அடுத்த நகருக்குப் பெயரும் வாழ்க்கையைத் தொடர்வதால் சலிப்பூட்டும் என்று கூறுவோர் உளர். அந்தச் சலிப்பே அவ்வாழ்வின் உண்மை. நூலை விறுவிறுப்பாக்கியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். 2022இல் ஃபௌலர் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். உயர்தர லீக் ஆட்டம் என அவர் பெயருக்கெதிரே ஒன்றுகூட இல்லை.

இவர்களுட் பலரின் புதைகுழிகளுக்குப் பெயர்க்கல் கூட நெடுங்காலம் இருக்கவில்லை. ஃபௌலருக்கு 1987இலும் வோக்கருக்கு 1990இலும் சோல் வைற்றுக்கு 2014இலும் கல் நடப்பட்டது. வைற் 1955 வரை வாழ்ந்தவர். தமது 1907ஆம் ஆண்டு வரலாற்றைத் தொடர்ந்தெழுதி இரண்டாம் நூலாக வெளியிட அவர் விரும்பினார். 1920களின் பிற்பகுதியில் அதற்கான அச்சுச்செலவைத் தருவோரைத் தேடியதாகக் கறுப்பினப் பத்திரிகையொன்று எழுதியது. அந்நூல் வெளிவரவில்லை. முதல் நூலின் மூலப்பிரதிகளுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே.